பிரேக் அக்காவின் வலது கால்

எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேருக்கு ஓட்டத் தெரியாது. இது நான் சொல்வதல்ல, அவள் வாயால் வந்தது. வயதில் எனக்கு இளையவள்தான், அதனால் அவள் இவள் என்றே எழுதுகிறேன். நேரில் கூப்பிடும்போது எனக்கும் அவள் அக்காதான். வங்கி மேலாளருக்கும் அக்கா, பேப்பர் போடுகிறவருக்கும் அக்கா.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய வலது கால் எந்நேரமும் அதன் மேலேயே இருக்கும். நாம் ஆபத்தைப் பார்த்து, பயந்து, பிரேக் எங்கே என்று காலால் துழாவி மிதிப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கால் பாட்டுக்குக் கால். பேர் வந்தது அப்படித்தான். ஆரம்பத்தில் அந்த ஸ்கூலில் ஃபோன் எடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாளாம். ஒருநாள் மாஸ்டர் வராமல் போக, காத்திருந்தவர்கள் கூச்சல் போட, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சாவியை எடுத்தவள்தான். அப்புறம் அந்தச் சாவியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

வண்டிக்கு வெளியே இருந்தால் 'வாங்க, உட்காருங்க' என்று பூப்போலப் பேசுவாள். கதவைச் சாத்திவிட்டால் தீர்ந்தது. டாக்டரோ வக்கீலோ, எல்லாரும் 'நீ'தான். நான் சொந்தமாகச் சலவைக் கடை நடத்துகிறவள், எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று கடைத்தெருவுக்கே தெரியும். துணி கொண்டுபோய்க் கொடுக்கிற டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால், இந்த ஐம்பது வயதில் நானே வேனை ஓட்டிக்கொள்கிறேன் என்று வீம்புக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே, "கண்ணாடி எதுக்கு வச்சிருக்காங்க, பொட்டு சரியா இருக்கான்னு பார்க்கவா?" என்று கேட்டாள். என்னை அப்படிக் கேட்டுவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்த ஆள் அவள் ஒருத்திதான். ஓட்டுநர் சோதனையில் நான் இரண்டு தடவை தோற்ற பிறகும் அவள் என்னைக் கைவிடவில்லை, நானும் அவளை விடவில்லை.

அவள் சொல்லிக்கொடுக்கிற விதத்தில் ஒரு விஷமம் உண்டு. போய்க்கொண்டே இருக்கும்போது, "அந்த பேக்கரித் தெருவுக்குள்ள திருப்பு" என்பாள், ரொம்பச் சாதாரணமாக. தெருமுனையில் நுழையக் கூடாது என்று சிவப்புப் பலகை நின்றுகொண்டிருக்கும். அப்பாவியாகத் திருப்பினோமோ, பிரேக் விழும். "நான் சொன்னா கிணத்துல குதிப்பியா?" என்று ஆரம்பிப்பாள். சொல்கிறவர் பேச்சை நம்பாதே, பலகையை நம்பு என்பது அவளுடைய கொள்கை. கையால் ஒரு பக்கம் காட்டி வாயால் மறுபக்கம் சொல்வதும் உண்டு. ஏமாறாமல் தப்பித்தால், "பரவாயில்ல, மூளை இருக்கு" என்று ஒரு சர்டிஃபிகேட் கிடைக்கும். அதை வாங்கிவிட்டு வருகிற ஆட்கள் ஸ்கூல் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பீற்றிக்கொள்வார்கள். நானும்தான்.

இந்த விஷமம்தான் பிற்பாடு அவள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

முதலில் வந்தவை காயங்கள். கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. வேறு யாருக்காவது வந்திருந்தால் வீட்டில் கேட்டிருப்பார்கள். இவளிடம் யார் கேட்பது? நாள் முழுக்க எங்களைப் போன்ற புண்ணியவான்கள் திடீர் திடீரென்று வண்டியை நிறுத்த, சீட் பெல்ட் நெஞ்சை அறுக்க, முழங்கை கதவில் இடிக்க வாழ்கிற பிழைப்பு. அந்தத் தொழிலில் கன்றிப் போன தோலைக் காட்டி ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள். கணுக்காலில் ஊசியால் குத்திய மாதிரி சிவப்புப் புள்ளிகள் வந்தன, காலுறை இறுக்கம் என்றாள். சிறுநீர் கறுத்துப் போனது. அதற்கும் பதில் வைத்திருந்தாள். ரோட்டிலேயே இருக்கிறவள் கழிப்பறைக்கு எங்கே போவது என்று தண்ணீர் குடிப்பதையே வருஷக்கணக்காகக் குறைத்து வைத்திருந்தாள், அதனால்தான் என்றாள். முகம் வெளுத்து, கண் லேசாக மஞ்சளித்து, சிக்னலில் வண்டி நிற்கிற நேரத்தில் கண்ணசந்து போவாள். நான் கேட்டதற்கு, உன் டிரைவிங்கைப் பார்ப்பதைவிடத் தூங்குவது மேல் என்றாள். சிரித்துத் தொலைத்தோம்.

அன்றைக்குக் காலையில் கிளம்பும்போதே பேச்சு கொஞ்சம் இழுத்தது. பஸ் நிலையம் தாண்டியதும் கையை ஒரு பக்கம் காட்டி வாயால் மறுபக்கம் சொன்னாள். இந்த வித்தையெல்லாம் என்னிடம் பலிக்காது என்று நான் நேராகப் போனேன். சர்டிஃபிகேட் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பேக்கரித் தெருவுக்குள் திருப்பச் சொன்னாள். சிவப்புப் பலகையைப் பார்த்து, சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் போல என்று நினைத்தேன்.

அப்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் வழக்கம்போல உறைந்துபோய், அவள் பிரேக்குக்காகக் காத்திருந்தேன். பிரேக் விழவில்லை. கடைசி நொடியில் நானே மிதித்தேன், நாய் என்னைத் திட்டிவிட்டு ஓடியது. எனக்கு வந்ததே கோபம். ஒரு பிடி பிடிக்கலாம் என்று திரும்பினால், அவள் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் யாருடைய காலோ மாதிரி கிடந்தது. "வண்டி... அந்த... துணி..." என்றாள். வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருந்தது.

வாய் விஷமம் பண்ணும். அந்தக் கால் ஒருநாளும் பண்ணாது. அந்தக் கால் இல்லாமல் நான் ஓட்டிய முதல் ஓட்டம் அதுதான். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு, யாராவது வாங்க என்று கத்தினேன்.

அவள் வீட்டுக்காரர் மெக்கானிக். கிரீஸ் கையோடு ஓடி வந்தார். அதிகம் பேசாத மனிதர், அவர் பங்கையும் சேர்த்து அவள் பேசிவிடுவதால் தேவைப்படவில்லை. பின்னாலேயே அவளுடைய அண்ணன் வந்தார். கட்டட ஒப்பந்தக்காரர், இரண்டு காதிலும் ஒவ்வொரு ஃபோன். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ரத்தத்தில் பிளேட்லெட் அதலபாதாளத்தில் இருந்தது. அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கிற துணுக்குகள்தான் பிளேட்லெட் என்பது இந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். குறைந்தால் ஏற்ற வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அங்கேதான் வந்தது வினை.

ஒப்பந்தக்காரர் இரண்டு ஃபோனிலும் ஊரைக் கூட்டினார். சும்மா சொல்லக் கூடாது, மதியத்துக்குள் அந்த வராந்தா அவளிடம் திட்டு வாங்கியவர்களால் நிரம்பிவிட்டது. பிளேட்லெட் கொடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ரத்த நோய்களைப் பார்க்கிற டாக்டரம்மா வந்தார். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவர். பிளேட்லெட் ஏற்றப் போவதில்லை என்றார்.

வராந்தாவே கொதித்துப் போனது. ஒப்பந்தக்காரர், தங்கையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்கிற அளவுக்குப் போய்விட்டார். இப்போதே வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், அங்கே ஏற்றுவார்கள் என்றார். பத்துப் பேர் அவர் பின்னால் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. இல்லாததைக் கொடுக்காமல் இவர்கள் என்ன வைத்தியம் பார்க்கிறார்கள்?

டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். நம் ரத்தத்தில் நீளமான, ஒட்டுகிற இழைகள் உண்டாம். காயம் பட்ட இடத்தில் பிளேட்லெட்டைப் பிடித்து நிறுத்துவது அவைதான். வேண்டாத நீளத்தை வெட்டிவிட ரத்தத்திலேயே ஒரு பொருள் இருக்கிறது, கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இவளுடைய உடம்பு என்ன காரணத்தாலோ அந்தக் கத்தரிக்கோலை எதிரி என்று நினைத்து, அதை முடக்குகிற எதிர்ப்பொருளைத் தயாரித்துவிட்டது. வெட்ட ஆள் இல்லாமல் இழைகள் நீளநீளமாகக் கிடக்க, பிளேட்லெட் அதில் போய்ச் சிக்கி, முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்களிலெல்லாம் கட்டி கட்டியாக அடைக்கிறது. அந்த அடைப்பில் மோதி சிவப்பணுக்கள் உடைகின்றன. வெளுப்பும் மஞ்சளும் கறுத்த சிறுநீரும் அதனால். மூளையில் அடைத்ததால் கால் விழுந்தது, பேச்சு குழறியது. பல லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வருமாம்.

"குறைஞ்சதால நோய் வரல. நோய் வந்ததால குறைஞ்சிருக்கு" என்றார். "இப்ப நீங்க கொடுக்கிற பிளேட்லெட்டும் அதே அடைப்புலதான் போய் உட்காரும். அடுத்தது இதயமா இருக்கலாம்."

அப்படியானால் என்னதான் செய்வீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. ரத்தத்தில் அணுக்கள் நீந்துகிற மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா என்றார் டாக்டரம்மா. எதிர்ப்பொருள் அதில்தான் இருக்கிறது. கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டு ரத்தத்தை ஒரு இயந்திரத்துக்குள் விட்டு, பிளாஸ்மாவை மட்டும் பிரித்து எறிந்துவிட்டு, நல்ல ஆட்கள் தானம் கொடுத்த பிளாஸ்மாவோடு அவளுடைய அணுக்களைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். கெட்டது வெளியே போகும், கத்தரிக்கோல் உள்ளே வரும். கூடவே எதிர்ப்பொருளை அடக்க மருந்து. இதைத் தினமும் செய்ய வேண்டும், இன்றைக்கே தொடங்க வேண்டும். இந்த வைத்தியம் இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் அநேகமாகப் பிழைத்ததில்லை, இப்போது அநேகம் பேர் பிழைக்கிறார்கள் என்றார்.

ஒப்பந்தக்காரர் விடவில்லை. இதுதான் நோய் என்று உறுதியாகத் தெரியுமா என்று மடக்கினார். கத்தரிக்கோல் அளவைப் பார்க்கிற பரிசோதனை முடிவு வரச் சில நாள் ஆகும், அதுவரை காத்திருந்தால் முடிவை வாங்கிக்கொள்ள நோயாளி இருக்கமாட்டார் என்று டாக்டரம்மா சொன்னார். உறுதியாகத் தெரியாமல் கழுத்தில் ஓட்டை போடுவீர்களா என்று அவர் மறுபடி எகிறினார். சம்மதக் கையெழுத்து போட வேண்டியவர் மெக்கானிக். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த மனிதர் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒப்பந்தக்காரர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், இன்ஜின் ஆயில்ல இரும்புத்தூள் கலந்துடுச்சுன்னு வைங்க. அளவு குறைஞ்சிருக்குன்னு மேல கொஞ்சம் புது ஆயில் ஊத்தினா என்ன ஆகும்?"

ஒப்பந்தக்காரர் ஒரு காதிலிருந்து ஃபோனை இறக்கினார்.

"இன்ஜின் சீஸ் ஆயி, இறுகி நின்னுடும். வடிச்சுட்டுத்தான் ஊத்தணும். எனக்கு இவங்க சொல்றது புரியுது."

டாக்டரம்மா முகத்தில் அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது. கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நாங்கள் இன்ஜினை நிறுத்தாமலே ஆயில் மாற்ற வேண்டும் என்றார். மெக்கானிக் கையெழுத்து போட்டார். காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளமும் சேர்ந்து விழுந்தது.

சட்டைக் கையைச் சுருட்டி நின்றவர்களுக்கும் வேலை கிடைத்தது. ஒரு தடவை மாற்றுவதற்கே பலபேர் கொடுத்த பிளாஸ்மா வேண்டுமாம். நீங்கள் கொடுப்பது நேராக அவருக்கே போகாது, ஆனால் ரத்த வங்கியில் இருப்பு குறையாமல் இருக்கும் என்றார்கள். வரிசை நகர்ந்தது. நம் பிளாஸ்மா ஏறினால் அக்காவுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் மறந்துவிடுமே என்று ஒருவர் கவலைப்பட்டார். என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் பத்தாதாம். ஊரெல்லாம் கத்துகிறேனே, அதற்கு ரத்தம் பத்துகிறது, இதற்குப் பத்தாதா என்று அந்த ஊழியரிடம் ஒரு சண்டை போட்டுப் பார்த்தேன். பலிக்கவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதேன்.

இயந்திரம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சின்ன பீரோ அளவுதான். ஒரு பக்கம் உறைநிலையிலிருந்து இளக்கிக் கொண்டுவந்த பிளாஸ்மாப் பைகள், வெளிர் மஞ்சள். மறுபக்கம் அவளிடமிருந்து எடுத்தது, கலங்கிப்போன டீ நிறத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, எட்டி எட்டிப் பின்பக்கம் பார்த்தார். நர்ஸ் அவரைப் பிடித்து வெளியே உட்கார வைத்தார். அவளுக்கு உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததாம். உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து உடம்பிலுள்ள கால்சியத்தைக் குறைத்துவிடும், அதனால்தான் என்று ஊசி வழியாகக் கால்சியம் கொடுத்தார்கள். ஒருநாள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தது, அடுத்தவர் பிளாஸ்மா சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். நிறுத்தி, மருந்து கொடுத்து, மறுபடி தொடங்கினார்கள். ஒவ்வொரு நாளும் நாங்கள் டாக்டரம்மா வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏறுகிறது என்றார். அப்புறம், இன்னும் ஏறுகிறது என்றார். பரிசோதனை முடிவும் வந்தது. அவர் சொன்ன அதே நோய்தான். ஒப்பந்தக்காரர் இரண்டு ஃபோனையும் அணைத்துவிட்டு அவரிடம் போய்க் கைகூப்பினார்.

இடையில் ஒருமுறை எண்ணிக்கை மறுபடி சறுக்கி, எங்கள் உயிரை எடுத்தது. இன்னொரு மருந்தைச் சேர்த்து, ஆயில் மாற்றுவதைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு சறுக்கவில்லை.

பேச்சு திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, அன்றைக்கு வண்டியை யார் ஓட்டிக்கொண்டு வந்தது என்பது. மெக்கானிக் என்னைக் காட்டினார். அவள் என்னையே பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"ஹேண்ட்பிரேக் போட்டியா?" என்றாள்.

நான் போடவில்லை.

கால் சரியாக வர இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. டாக்டரம்மா அனுப்பி வைக்கும்போது ஒன்று சொன்னார். இந்த நோய் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். தோல் கன்றினால், சோர்ந்தால், பேச்சு தடுமாறினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வர வேண்டும். அவள் மறுபடி வேலைக்கு வந்த அன்று, எங்கள் எல்லாரையும் ஸ்கூல் வாசலில் கூட்டினாள்.

"இனிமே நான் தப்பா ஒரு வழி சொன்னா அது சோதனை இல்ல" என்றாள். "வண்டியை ஓரங்கட்டிட்டு என் வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்த விஷமத்தை அன்றைக்குக் கழற்றி வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்றும் புதிதாக அவள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

என் மூன்றாவது சோதனைக்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி. நான் ஓட்டினேன், அவள் பேசினாள். பஸ் நிலையம் தாண்டியதும் சாதாரணமாகச் சொன்னாள், "அந்த பேக்கரித் தெருவுக்குள்ள திருப்பு."

வண்டியை ஓரங்கட்டினேன். ஃபோனை எடுத்தேன். அக்கா, கையைத் தூக்குங்க என்றேன். தூக்கினாள். சிரிங்க என்றேன். சிரித்தாள், இரண்டு ஓரமும் சமமாகத்தான் போனது. காலை ஆட்டுங்க என்றேன். ஆட்டினாள். அப்புறம் தூக்கிய கையை இறக்காமல் தெருமுனையைக் காட்டினாள். சிவப்புப் பலகை அங்கே இல்லை. ஒருவழித் தெருவின் திசையையே மாற்றி, உள்ளே போகலாம் என்று புதுசாக நீலப் பலகை வைத்திருந்தார்கள்.

"அதை வச்சு ஒரு வாரம் ஆச்சு" என்றாள். "நீ ரோட்டைப் பார்க்கல. நான் திரும்பி வந்த நாள்லேர்ந்து என் மூஞ்சியையே பார்த்துட்டு ஓட்டுற. நாளைக்கு நான் பக்கத்துல இருக்கமாட்டேன், சோதனை பண்ற அதிகாரி மூஞ்சியைப் பார்த்துட்டு ஓட்டுவியா?"

ஃபோனை வைத்துவிட்டு, கண்ணாடி பார்த்து, தெருவுக்குள் திருப்பினேன். நிறுத்தியிருந்த ஒரு லாரிக்குப் பின்னாலிருந்து சடாரென்று ஒரு சைக்கிள் வந்தது. நான் பார்த்தேன், பயந்தேன், காலால் துழாவினேன். அதற்குள் வண்டி நின்றிருந்தது.

குனிந்து பார்த்தேன். அவளுடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது.

அவ்வளவுதான், எனக்கு அடக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து, நடுத்தெருவில், குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் என் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை கதகதப்பாக இருந்தது.

"அழணும்னா ஓரங்கட்டிட்டு அழு" என்றாள். "இண்டிகேட்டர் போடு."

நான் இண்டிகேட்டர் போட்டேன்.